வந்தியத்தேவன் மட்டும் போதுமா?

சென்ற கோடையில் பங்கின் சிறுவர் சிறுமியர் இருபது பேரை ஆலம்பரைக் கோட்டைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். கடப்பாக்கத்தில் வாழ்வோர்க்கு அது அயலூர்ப் பயணமன்று. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலை நோக்கித் திரும்பினால் சிறிது தொலைவுதான். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய மதில்கள் பாதி விழுந்தும் பாதி நின்றும், ஒருபுறம் கழியும் மறுபுறம் கடலுமாகக் கிடக்கின்றன. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் தன் பங்குக்குச் சிதைத்துவிட்டுப் போயிற்று. அவ்வப்போது திரைப்படக் குழுவினர் வருவர். ஆடிப் பாடிவிட்டுச் செல்வர். மற்ற நாள்களில் ஆடுகள்தாம் அங்கே அரசோச்சுகின்றன.

மதில்மேல் ஏறி நின்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "ஃபாதர், இந்தக் கோட்டையை எந்தச் சோழர் கட்டினார்?"

கேட்டவன் படிக்காத பிள்ளையல்லன். அங்கே வந்திருந்த அத்தனை பேரிலும் மிகுதியாகப் படித்தவன் அவனே. அவன் பெற்றோர் வெளிநாட்டுப் பணியை விட்டு இப்பகுதிக்கு வந்து குடியேறியவர்கள். பிள்ளைகள் இருவரையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கின்றனர். உரிய வயதில் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் தேர்வை எழுதச் செய்வது அவர்கள் எண்ணம். வரலாற்றுப் பாடத்துக்கு அவர்கள் கண்ட வழி நாவல். பாடநூலைத் திறந்தால் பிள்ளை கொட்டாவி விடுகிறான். 'பொன்னியின் செல்வன்' என்றால் சாப்பிடவும் எழுவதில்லை என்று அந்தத் தாய் பெருமையோடு என்னிடம் கூறியதுண்டு. ஐந்து பாகங்களையும் அவன் இரண்டு முறை படித்திருக்கிறான். 'சிவகாமியின் சபத'த்தைக் கையில் வைத்துக்கொண்டே மாமல்லபுரத்தைச் சுற்றி வந்திருக்கிறான். ஆயினும் தன் வீட்டுக் கொல்லையில் கிடப்பது போன்ற ஆலம்பரையைக் கட்டியவர் யார், இடித்தவர் யார் என்பது அவனுக்குத் தெரியவில்லை. கோட்டை என்றால் சோழன் என்றே அவன் மனம் சொல்கிறது.

பள்ளிக்குச் செல்லும் மற்றப் பிள்ளைகளும் ஒன்றும் அறிந்திருக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். "யாரோ ராஜா கட்டினது" என்றாள் ஒரு சிறுமி. குறை வீட்டுப் பள்ளியில் மட்டும் இல்லை.

இதைப் பங்குப் பேரவையில் பேச்சுவாக்கில் சொன்னபோது, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் பொங்கி எழுந்தார். கதையைக் கொடுத்துச் சரித்திரம் கற்பிப்பது கள்ளைக் கொடுத்துப் பிள்ளை வளர்ப்பது போன்றது என்றார்; நாவல்களைப் பிடுங்கி வைத்துவிட்டுப் பாடநூலை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள் என்றார். அவரை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த ஒன்றில் அவர் பக்கம் நிற்க என்னால் இயலாது. அந்தப் பெற்றோர் பக்கமும் முழுமையாக நிற்க இயலாது. நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றில் இன்று இதே வழக்கம் பரவி வருவதால், சற்றுக் காரமாகவே எழுதத் துணிகிறேன்.

முதலில் ஆசிரியருக்கு. கதை பொய், ஆவணம் மெய் என்று இரண்டே பெட்டிகள் வைத்துக்கொண்டு வாழ நம்மால், அதுவும் விவிலியத்தைக் கையில் ஏந்தும் நம்மால், முடியுமா? நான் குருமடத்தில் பயின்றபோது 'யூதித்து' நூலைப் பாடம் நடத்திய பேராசிரியர் முதல் வசனத்திலேயே எங்களை நிறுத்திவிட்டார். நெபுகத்னேசர் நினிவேயில் அசீரியரை ஆண்டதாக அந்நூல் தொடங்குகிறது. அவன் பாபிலோனிய மன்னன். அவன் அரியணை ஏறுமுன்பே நினிவே அழிந்துபோயிற்று. நூலாசிரியர் அறியாமல் எழுதினாரா? தம் மக்களுள் எவரும் தவறாமல் அறிந்திருந்த செய்தியை ஒருவர் அறியாமல் எழுதுவது நடவாது. இது நாள்குறிப்பு அன்று, துன்புறும் மக்களுக்கு நெஞ்சுரம் ஊட்டும் வரலாற்றுக் கதை என்று முதல் அடியிலேயே அவர் கண்சிமிட்டிச் சொல்கிறார் என்றார் எங்கள் பேராசிரியர். வகுப்பில் இரண்டு பேருக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. அவர்களுள் நானும் ஒருவன். ஆனால் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1943ஆம் ஆண்டிலேயே தம் சுற்றுமடலில் இலக்கிய வகையை ஆராய்ந்த பிறகே பொருள் கொள்ளுமாறு விரிவுரையாளரைப் பணித்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965இல் அதையே உறுதி செய்தது. மறைநூலைப் படிக்கவே இந்த விவேகம் தேவை என்றால், கல்கியைப் படிக்க அது வேண்டாமா?

ஆக, கதையால் கற்பிக்கலாம். கற்பிக்கவும் வேண்டும். பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர் பெற்றோரே என்று சங்கம் சொன்னது வெற்று உபசாரமில்லை. வீட்டில் கற்பிக்கும் பெற்றோரை ஏதோ குற்றவாளிகளைப் போல நோக்கும் நம் பார்வையும் மாற வேண்டும். ஆண்டு எண்களைப் பட்டியலாக ஒப்பித்த பிள்ளை அவற்றைத் தேர்வுத்தாளில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிறான். ஒரு மனிதனின் அச்சத்தையும் பசியையும் ஆசையையும் வழியாகக் கொண்டு ஒரு காலத்துக்குள் நுழைந்தவன் எளிதில் மறப்பதில்லை.

இனி அந்தப் பெற்றோருக்கு. உங்கள் வழியை நான் குறை கூறவில்லை; நீங்கள் பாதி வழியில் நின்றுவிட்டதையே குறை கூறுகிறேன். உங்கள் அலமாரியைப் பார்த்தேன். பார்த்திபன், மாமல்லன், அருள்மொழிவர்மன், வந்தியத்தேவன். பிறகு? பிறகு ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒன்றுமில்லை. அருள்மொழிவர்மனின் கப்பலுக்கும் உங்கள் வீட்டுக் கணினிக்கும் இடையில் இந்த நாட்டில் எதுவும் நடக்கவில்லை போலும்!

2022ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் 'பொன்னியின் செல்வன்' திரைப்படமாக வந்தபின் இந்த மயக்கம் இன்னும் முற்றிவிட்டது. ஆதித்த கரிகாலனின் கொலைக்குக் காரணம் நந்தினி என்று சிறுவர் மட்டுமா, பெரியவர்களும் சாதிக்கின்றனர். நந்தினி கல்கியின் கற்பனை. உடையார்குடிக் கல்வெட்டில் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று துரோகிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அங்கே நந்தினி இல்லை. கல்கி செய்ததில் பிழையில்லை, அவர் நாவலாசிரியர். கல்வெட்டை அறியாமலே நாவலை மூடி வைக்கும் வாசகரிடமே பிழை. சிவகாமியும் அப்படியே. வாதாபியை வென்ற நரசிம்மவர்மன் உண்மை, பரஞ்சோதி உண்மை. அந்த ஆயனரின் மகள் எழுத்தாளரின் மகள்.

ஆனால் சோழர் கதையில் கற்பனை கலந்தால் பெருங்கேடு ஒன்றுமில்லை. அங்கே யாருடைய நிலமும் இன்று வழக்கில் இல்லை. என் கவலை வேறு. பழம்பெருமையை மட்டுமே உண்டு வளரும் பிள்ளைக்கு, தன்னைச் சுற்றியுள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடக்க நாள் உண்டு என்பது தெரியாமல் போகிறது. இந்தச் சாலை, இந்தக் கால்வாய், இந்த ஊர், இந்தச் சேரி, இந்தப் பட்டா, இந்தக் கோயில், இந்த வரிசை எல்லாம் என்றும் இப்படியே இருந்தவை என்று அவன் எண்ணிக்கொள்கிறான். நான் முன்பு பணியாற்றிய ஒரு பங்கில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு மதில் உண்டு. எதற்கு என்று நான் விளக்க வேண்டியதில்லை, வாசகர் அறிவர். அது எப்போது கட்டப்பட்டது என்று பெரியவர்களை வினவினேன். "அது எப்பவும் இருக்குது சாமி" என்றார்கள். அந்த மதிலின் செங்கல், அதைக் கட்டியவர்களின் பேரன்மாருடைய ஆயுளை விட மூத்தது அன்று. 'எப்பவும்' என்பது அண்மைக்கால வரலாற்றை அறியாதவர்கள் பேசும் மொழி.

எனவே சொல்கிறேன்: கதையால் வரலாறு கற்பிப்பதானால் அண்மை நூற்றாண்டுகளைக் கற்பியுங்கள். அதற்கு நூல்கள் இல்லையே என்று சொல்லித் தப்பிவிட முடியாது. கல்கியே எழுதியிருக்கிறாரே! பூகம்பம், புயல், எரிமலை, பிரளயம் என நான்கு பாகங்களாக விரியும் 'அலை ஓசை' நாட்டுப் பிரிவினையையும் காந்தியடிகளின் மறைவையும் தொட்டு நிற்கிறது. 1956இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. வந்தியத்தேவனை வாங்கும் கைகள் அதை ஏன் வாங்குவதில்லை? சி. சு. செல்லப்பாவின் 'சுதந்திர தாகம்' இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியத் தமிழர் பட்ட பாட்டைப் ப. சிங்காரம் 'புயலிலே ஒரு தோணி'யில் எழுதியிருக்கிறார். கழுகுமலை, சிவகாசிக் கலவரங்களைப் பூமணியின் 'அஞ்ஞாடி' கொணர்ந்து நிறுத்துகிறது. 1895இல் கழுகுமலையில் நடந்ததில் நம் சபையின் கதையும் பின்னிக் கிடக்கிறது. ஜோ டி குருஸ் எழுதிய 'ஆழி சூழ் உலகு', 'கொற்கை' இரண்டும் முத்துக்குளித்துறைக் கத்தோலிக்க மக்களின் வாழ்வை அவர்கள் பேச்சிலேயே தருகின்றன. அந்த நூல்களில் சில பக்கங்கள் சிறுவர்க்கு உகந்தவையல்ல என்பது உண்மை. பெற்றோர் தாம் முதலில் படித்து, தேர்ந்து, வாய்விட்டுப் படித்துக் காட்டட்டும். வீட்டிலேயே கற்பிப்பவர்க்கு அதற்கு நேரம் இல்லை என்றால் வேறு எவருக்கு இருக்கும்?

ஆனால் எனக்கு உகந்த பாடம் எங்கள் ஊருக்கு மிக அருகில் கிடைக்கிறது. ஆலம்பரை 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. துறைமுகமும் நாணயச் சாலையும் உடையதாக இருந்த அந்தக் கோட்டையை 1760இல் ஆங்கிலேயர் கைப்பற்றிச் சிதைத்தனர். மறு ஆண்டு சனவரியில் புதுச்சேரியே வீழ்ந்தது. அந்தப் பத்தாண்டுகளில்தான் இந்தியாவை ஆளப்போவது எந்த ஐரோப்பியர் என்பது முடிவாயிற்று. அந்த முடிவின் ஒரு துண்டு கடப்பாக்கத்து மணலில் கிடக்கிறது. இதையே பிரபஞ்சன் நாவலாக்கியிருக்கிறார். 'மானுடம் வெல்லும்', அதைத் தொடர்ந்த 'வானம் வசப்படும்'. பின்னதற்கு 1995இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. துய்ப்ளே காலத்துப் புதுச்சேரி அதில் தெருவும் வீடுமாக எழுந்து நிற்கிறது.

இன்னொரு பெரும்பேறு: அந்த நாவலின் ஊற்று நமக்குக் கிடைக்கிறது. துய்ப்ளேயின் துபாஷியாகப் பணியாற்றிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761இல் தாம் இறக்கும் வரை தமிழில் நாட்குறிப்பு எழுதிவந்தார். கப்பல் வந்தது, சரக்கு விலை, யார் யாரைச் சந்தித்தார், எவர் எவர்மேல் கோள் சொன்னார் என எல்லாம் அதில் உண்டு. நாவலின் ஓர் அத்தியாயத்தையும் நாட்குறிப்பின் அதே நாளையும் பிள்ளையின் முன் அருகருகே வையுங்கள். நாவலாசிரியர் எதை எடுத்தார், எதை விட்டார், எதைச் சேர்த்தார் என்று அவனே தேடட்டும். சரித்திரம் என்பது என்ன என்று அரைநாளில் அவனுக்கு விளங்கும். பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு இருந்தும் விளங்காதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதை நான் பங்கில் செய்து பார்த்தேன். சனிக்கிழமை மாலைகளில், வீட்டில் கற்கும் அந்த இருவரோடு பள்ளிப் பிள்ளைகள் எட்டுப் பேர் சேர்ந்தனர். மூன்றாம் வாரமே எனக்கு எதிர்ப்பு வந்தது. காரணம் சொல்ல வேண்டும்.

1748ஆம் ஆண்டு ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த நாள்களில், சம்பாக் கோயில் எனப்படும் நம் ஆலயத்தை அடுத்திருந்த வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. நாவல் அதைச் சொல்கிறது. நாட்குறிப்பும் சொல்கிறது. அதில் துய்ப்ளேயின் மனைவிக்கும் நம் குருக்களுக்கும் இருந்த பங்கைப் பிள்ளை மறைக்கவில்லை. இந்தப் பகுதியைப் பிள்ளைகள் படித்த செய்தி வீடுகளுக்குச் சென்றது. "ஃபாதரே இப்படிச் சொல்லிக் கொடுத்தால் மற்றவர்கள் நம்மை என்ன சொல்ல மாட்டார்கள்? காலம் எப்படி இருக்கிறது என்று தெரியாதா?" என்று ஒரு தந்தை கேட்டார். சினத்தால் கேட்டார் என்று சொல்ல மாட்டேன், அச்சத்தால் கேட்டார். சிறுபான்மையாய் வாழ்வோரின் அச்சம் அது. அதை ஏளனம் செய்ய எனக்கு உரிமையில்லை.

ஆயினும் அவருக்கு நான் சொன்னதை இங்கும் சொல்கிறேன். அந்தச் செய்தி அச்சில் இருக்கிறது. பரிசு பெற்ற நாவலில் இருக்கிறது. உம் மகன் அதை என்றோ ஒருநாள் அறியத்தான் போகிறான். தம் குருவிடமிருந்து, முன்பின் நடந்தவற்றோடு அறிவது நலமா? அல்லது அவனை வெறுப்பவன் ஒருவன் கைப்பேசியில் அனுப்பும் நான்கு வரியில் அறிவது நலமா? திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000ஆம் ஆண்டு மார்ச்சு 12ஆம் நாள் உலகறியத் திருச்சபையின் மக்கள் செய்த பிழைகளுக்கு இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். பேதுருவின் வழிவந்தவர் பேசியதைக் கடப்பாக்கத்துப் பங்குத்தந்தை பேசக்கூடாதா?

இங்கேதான் பாடத்தின் அடுத்த படி வருகிறது. எழுதியவர் யார் என்று பிள்ளைகளைக் கேட்கச் செய்தேன். ஆனந்தரங்கப் பிள்ளை நடுநிலைச் சாட்சியா? அவருக்கு முன் தலைமைத் துபாஷியாக இருந்த கனகராய முதலி கத்தோலிக்கர், 1746இல் இறந்தார். அந்தப் பதவி யாருக்கு என்ற போட்டி எழுந்தது. கிறிஸ்தவர் ஒருவரே அதில் அமர வேண்டும் என்று விரும்பியவர்கள் இருந்தனர். துய்ப்ளேயின் மனைவிக்கும் பிள்ளைக்கும் ஆகாது. ஆகவே அவர்களைப் பற்றி அவர் எழுதுவதைப் படிக்கும்போது, எழுதுகோலை ஏந்திய கையில் வழக்கும் இருந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அதற்காக அவர் கண்டதைப் பொய் என்று தள்ளிவிடவும் கூடாது. கோயில் இடிந்தது உண்மை. இந்த இரண்டையும் ஒருங்கே மனத்தில் தாங்கப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் முடியும். அவன் தந்தையால்தான் சில வேளைகளில் முடிவதில்லை.

நம்மவரும் கதை கட்டத் தெரியாதவர்களல்லர். வீரமாமுனிவர் சந்தா சாகிபின் திவானாக இருந்தார், பல்லக்கில் பவனி வந்தார் என்று நம் மேடைகளில் எத்தனை முறை முழங்கியிருக்கிறோம்! இயேசு சபையைச் சேர்ந்த ஆய்வாளரே ஐயுற்ற செய்தி அது. 'தேம்பாவணி' பாடியவருக்குத் திவான் பதவி இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும்? பக்திக்காகப் புனைந்த கதையைச் சரித்திரம் என்று பிள்ளைக்குக் கொடுப்பவர், நந்தினியைச் சரித்திரம் என்று நம்புபவரைக் கண்டு நகைக்கலாகாது.

எங்கள் பகுதியின் இன்னொரு பாடம் பக்கிங்காம் கால்வாய். இடைக்கழிநாடு என்ற பெயரே கழிகளால் வந்தது. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனாரின் நாடு என்று ஊரார் பெருமை கொள்கின்றனர். அந்தப் பெருமையைக் குறைக்க நான் வரவில்லை. ஆனால் அதே ஊரில், தாது வருடப் பஞ்சம் என்றால் என்னவென்று கேட்டால் இளைஞர் விழிக்கின்றனர். 1876 முதல் 1878 வரை தென்னகத்தில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடுகின்றனர். 1877 சனவரி முதல் நாள் தில்லியில் தர்பார் கூட்டி விக்டோரியாவை இந்தியப் பேரரசி என்று அறிவித்தனர். அதே மாதத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள் நிவாரண வேலை செய்வோர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதை உண்டு மண் சுமப்பவன் உயிர் வாழ முடியாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதிட்டார். பஞ்ச காலத்திலும் தானியம் கப்பலேறியது.

இதற்குக் கதை உண்டா? உண்டு. ஜெயமோகனின் 'வெள்ளையானை' 2013இல் வந்தது. ஏய்டன் என்ற ஐரிஷ் அதிகாரியின் கண்வழியாகப் பஞ்சத்தையும், சென்னை ஐஸ் ஹவுசில் அமெரிக்கப் பனிக்கட்டியைச் சுமந்த தாழ்த்தப்பட்ட தொழிலாளரின் வேலைநிறுத்தத்தையும் அது கூறுகிறது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்க்கே அதைக் கொடுத்தேன். அதன் பஞ்சக் காட்சிகள் அத்தகையவை. படித்து முடித்த ஒரு பெண் என்னிடம் வந்து, "நம்ம ஊர்க் கால்வாயைப் பஞ்சத்தில் செத்தவங்கதான் வெட்டினாங்களா ஃபாதர்?" என்று கலங்கிய கண்களோடு கேட்டாள். அந்த உருக்கத்தில் 'ஆம்' என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருந்தது. சொல்லவில்லை. பஞ்ச நிவாரண வேலையாக 1877-78இல் வெட்டப்பட்டது சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டு. ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர். மரக்காணம் வரை வரும் இந்த நீண்ட கால்வாயின் மற்றப் பகுதிகளுக்குத் தனித்தனி வரலாறு உண்டு. அவள் முகம் சற்று வாடியது. நாவல் மனத்தை இளக்குகிறது. இளகிய மனம் எதையும் நம்பத் தயாராகிறது. அந்த நேரத்தில்தான் ஆசிரியர் அருகில் இருக்க வேண்டும். நூலைக் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடும் வீட்டுப் பள்ளிக்கு நான் எதிரி.

பாடநூலைப் போற்றும் நம் ஆசிரியருக்கும் ஒரு சொல். செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை எழுதினார். அதன் பயனாக 1892இல் அவர்களுக்கு நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்ற சொல்லின் வேர் அதுவே. நம் மறைமாவட்டத்துத் திருப்பலியில் அமர்ந்திருக்கும் மக்களுள் பலர் அந்த அறிக்கையில் வருபவர்களின் கொள்ளுப் பேரப்பிள்ளைகள். தங்கள் பாட்டனுக்கு எழுதித் தரப்பட்ட நிலம் எப்படி வேறு கைக்கு மாறியது என்று அவர்கள் அறிய வேண்டாமா? நான் படித்த எந்த வரலாற்று நாவலும் ட்ரெமென்ஹீரைத் தொடவில்லை. பாடநூலும் அவருக்காகத் தன் பக்கங்களை வருத்திக்கொள்ளவில்லை. யாரேனும் எழுதுங்கள் என்று இவ்விதழின் வாசகருள் எழுத வல்லவரை வேண்டுகிறேன். அரசிளங்குமரியின் கண்ணழகை வருணிக்கும் பேனாவை ஓராண்டுக்கு மூடி வையுங்கள்.

நாட்குறிப்புக்குத் திரும்புகிறேன். 1745 அக்டோபரில் பிள்ளை எழுதிய ஒரு நாளைய குறிப்பைச் சென்ற மாதம் வகுப்பில் படித்தோம். சம்பாக் கோயிலில் பறையர் கிறிஸ்தவரை ஒருபுறமும், சாதிக் கிறிஸ்தவரையும் ஐரோப்பியரையும் மறுபுறமும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. அந்த மக்கள் சென்று முறையிட்டனர். ஞானஸ்நானம் பெற்ற எங்களை ஏன் பிரிக்கிறீர்கள் என்பதே முறையீட்டின் சாரம். குரு அதன் நியாயத்தை ஏற்றுச் சுவரை இடிக்கச் செய்தார். சாதிக் கிறிஸ்தவர்கள் குருவிடம் கடுமையாகப் பேசிச் சண்டைக்கு நின்றனர். இதை எழுதியவர் கிறிஸ்தவரல்லர். வெளியில் நின்று வேடிக்கை பார்த்தவர். அதனாலேயே நாம் எழுதி வைக்காததை அவர் எழுதி வைத்தார்.

பிள்ளைகள் வெகுநேரம் பேசாமல் இருந்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியரும் அன்று வந்திருந்தார். இப்போது அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகிறார், ஆண்டு எண்களில் நான் பிழைவிட்டால் இருமித் திருத்துகிறார். 'எப்பவும் இருக்குது' என்ற மதிலைப் பற்றி அப்போது நான் சொன்னேன். இருநூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு குரு ஒரு சுவரை இடித்தார், அதற்குப் பின்னும் நாம் வேறு சுவர்களைக் கட்டினோம் என்றேன்.

ஆலம்பரையைச் சோழர் கட்டினார்களா என்று கேட்ட அந்தச் சிறுவன் கையை உயர்த்தினான்.

"நீங்கள் சொன்ன கல்லறை மதில் இப்போதும் இருக்கிறதா, ஃபாதர்?"

இருக்கிறது என்றேன். அந்தப் பங்கில் நீங்கள் எத்தனை ஆண்டு இருந்தீர்கள் என்று அடுத்துக் கேட்டான்.